மீதி 1827

மல்லசமுத்திரத்தில் கணக்கு டீச்சராக இருக்கும் மலர்விழிக்கு 73939133 என்றால் உயிர். அது பகா எண். ஒன்றையும் தன்னையும் தவிர எதனாலும் மீதியின்றி வகுபடாது. கடைசி இலக்கத்தை ஒவ்வொன்றாக வெட்டிக்கொண்டே வந்தாலும் மிஞ்சுவதெல்லாம் பகா எண்தான். "நம்ம ரெண்டு பேரு மாதிரிங்க" என்று கல்யாணமான புதிதில் கணவன் தீனதயாளனிடம் சொல்லியிருந்தாள்.

ரிக் வண்டியோடு சத்தீஸ்கர் பக்கம் போர்வெல் போடப் போனால் அவன் திரும்ப எட்டு மாதமாகும். படுக்கை, சமையல் எல்லாம் வண்டியடியில்தான். சாயங்காலம் கூப்பிட்டு, கண்ணில் பட்ட ஏதாவது வண்டியின் நம்பரைச் சொல்வான். தன் எண்ணை அதால் வகுத்து அவள் மீதியைச் சொல்வாள். பதினோரு வருஷப் பழக்கம். மீதி வராமல் இருக்க வழியே இல்லை.

வெள்ளிக்கிழமை 4813 என்றான். மீதி பூஜ்யம் வந்தது. மறுபடி போட்டாள். பூஜ்யம்.

"அது யாரு வண்டிங்க?"

"வாசல்ல நிக்கற ஸ்கூட்டி, மலரு."

"வண்டியடியில படுக்கறவருக்கு ஏதுங்க வாசலு?"

 

திங்கட்கிழமை எட்டாம் வகுப்புக்கு அதே கணக்கைக் கொடுத்தாள். முப்பத்திரண்டு பேருக்கும் மீதி 1827. எல்லா நோட்டிலும் சரி போட்டாள். பிறகு சாக்பீஸை எடுத்து, வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே போர்டில் தானே வகுத்தாள். அடியில் பூஜ்யம் வந்து நின்றது.

"எங்க தப்புன்னு பாருங்க சாமி."

பிள்ளைகள் வரி வரியாகப் பார்த்தார்கள். முதல் பெஞ்சிலிருந்து ஜோதி எழுந்தாள்.

"எங்கயும் தப்பில்லீங்க டீச்சர்."