ஒரு வாளி மண்

எல்ஸ்பெத் ரெனியின் வீட்டுப் புல்தரையில் முழங்காலிட்டு, சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்குப் புல்லை வேர்மண்ணோடு வட்டமாக வெட்டினேன்.

அவருக்கு அது களை. நன்றாக வளர்ந்த புல்லுக்கு நடுவே இந்த பென்ட் புல் வெளிறிய பச்சையில் திட்டுத் திட்டாகப் படர்ந்து மானத்தை வாங்குகிறது.

நான் மைதானம் பராமரிக்கிற கில்டாரன் உருட்டுப்பந்து மன்றத்தில் அதே புல்லுக்குத்தான் ராஜ மரியாதை. அதை அரிசி உயரத்துக்கு வெட்டி வைத்தால்தான் பந்து ஒழுங்காக உருளும்.

"எங்க ஆர்ச்சி பூட்ஸ்ல ஒட்டி வந்த சனியன் இது. முப்பது வருஷமாப் புடுங்கறேன். மொத்தமா எடுத்துட்டுப் போப்பா, உனக்குப் புண்ணியமாப் போகும்."

ஆர்ச்சி எல்ஸ்பெத்தின் கணவர். எங்கள் மன்றத்தின் பழைய ஆட்டக்காரர். பிப்ரவரியில் தவறிவிட்டார்.

சனிக்கிழமை வட்டார இறுதிப் போட்டி. மைதான ஓரத்தில் புல் கருகி ஒரு சொட்டை விழுந்திருக்கிறது. அதை மூடத்தான் இந்தப் புல். என் புல்வெட்டும் இயந்திரத்திலிருந்து பெட்ரோல் ஒழுகித்தான் கருகியது என்கிறார் மன்றத் தலைவர் மக்காஸ்கில். பதினோரு வருடமாக நான் கொட்டகைக்குள் வைத்துத்தான் பெட்ரோல் ஊற்றுகிறேன். சொன்னால் அந்த மனுஷன் காதில் ஏறவில்லை.

அந்த இடத்து மண்ணைத் தோண்டிக் கொண்டு வா, சோதனைக்கு அனுப்புவோம், பெட்ரோல் இருந்தால் உனக்கு வேலை இல்லை என்றுவிட்டார்.

மண் என் வேனில், வாளியில் இருந்தது. அதில் பெட்ரோல் இல்லை என்று எனக்குத் தெரியும். அதனால் நிம்மதியாகத்தான் இருந்தேன்.

வெட்டிக்கொண்டே இதையெல்லாம் எல்ஸ்பெத்திடம் சொன்னேன். அவர் தேநீர்க் கோப்பையைப் படியில் வைத்தார்.

"அந்த மண்ணு எங்க?"

வேனைக் காட்டினேன். வீட்டுச் செருப்போடு நடந்து போய் வாளிக்குள் கையை விட்டார். மண்ணில் வெள்ளையாகப் பொடி கலந்திருந்தது. தரையை மட்டம் செய்யப் போடுகிற மணல் என்று நினைத்திருந்தேன்.

"தகனக் கூடத்துல பரவலாத் தூவுங்கன்னுதான் சொல்லிக் குடுத்தாங்க. ஆள் வர்றதுக்குள்ள முடிக்கணுமேன்னு ஆர்ச்சிய ஒரே எடத்துல கொட்டிட்டேன். மக்காஸ்கில்கிட்ட நானே வந்து சொல்லிடறேன்."

எனக்குக் கோபம்தான் வந்தது. மைதானத்தில் அஸ்தி தூவக் கூடாது என்று வாசலிலேயே பலகை இருக்கிறது. அஸ்தியிலுள்ள உப்பு பென்ட் புல்லைப் பொசுக்கிவிடும். அந்தப் பலகையை மாட்டியதே நான்தான்.

அவர் போய்ச் சொன்னாலும் மக்காஸ்கில் லேசில் நம்புகிற ஆள் இல்லை. வாளியை அப்படியே சோதனைக்கு அனுப்பிவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பார்.

எல்ஸ்பெத் வாளியிலிருந்து கையை எடுக்கவே இல்லை.

நான் வாளியைத் தூக்கிக்கொண்டு வந்து, வெட்டி எடுத்த குழிக்குப் பக்கத்தில் வைத்தேன்.

"யார்கிட்டயும் மூச்சு விடாதீங்க. இதுல போடுங்க."

அவர் இரண்டு கையாலும் அள்ளி அள்ளிப் போட்டார். நான் பென்ட் புல்லை ஈரச் சாக்கில் சுற்றி வேனில் ஏற்றினேன்.

சாயங்காலம் மக்காஸ்கில் மண்ணைக் கேட்டார்.

சோதனையெல்லாம் வேண்டாம், பெட்ரோல்தான் என்றேன்.