மருந்துக்கடைக்காரி மகனுக்கும் இலவசச் சாப்பாடு

"நாளைக்கே ஃபாரம் கொடுத்தனுப்பறேன். என் பையனும் இலவசச் சாப்பாடே சாப்பிடட்டும்."

ரோவீனா எழுந்து நின்று இப்படிச் சொன்னதும், பள்ளிக்கூடத்துச் சாப்பாட்டுக் கூடத்தில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

பார்க்காமல் என்ன செய்வார்கள்? ஊரில் இருக்கும் ஒரே மருந்துக்கடை அவளுடையது. வாசலில் புது வண்டி. மேட்டில் செங்கல் வீடு. நிலக்கரிச் சுரங்கங்கள் மூடிப்போன அமெரிக்கக் கென்டக்கி மலையூரில் அதற்குமேல் என்ன வேண்டும்?

கூட்டத்தைக் கூட்டியவர் பள்ளி நிர்வாகி ஹாப்சன். பள்ளியின் இன்டர்நெட் கட்டணத்தில் மத்திய அரசு தள்ளுபடி தருகிறது. இலவசச் சாப்பாட்டுக்குத் தகுதியான பிள்ளைகள் எவ்வளவு அதிகமோ, தள்ளுபடியும் அவ்வளவு அதிகம். ஊரில் முக்கால்வாசிப் பிள்ளைகளுக்குத் தகுதி உண்டு. ஃபாரம் நிரப்பத்தான் ஆளில்லை.

"காகிதத்துல நாம பணக்கார ஊருங்க," என்று ஹாப்சன் அழாத குறையாகச் சொல்லியிருந்தார். "இந்த வருஷமும் இப்படியே போனா, வேகமான இன்டர்நெட் லைனை விட்டுட வேண்டியதுதான். காலேஜிலிருந்து திரையில நடக்கிற நர்சிங் வகுப்பும் அதோட போச்சு."

அந்த வகுப்பில் படிக்கும் கெய்லாவின் அப்பா டென்வர்தான் முதலில் வாயைத் திறந்தார். சுரங்கத்தில் முதுகு ஒடிந்து வீட்டோடு கிடப்பவர்.

"எங்கப்பன் யார்கிட்டயும் கையேந்தினதில்ல. நானும் ஏந்த மாட்டேன்."

"உங்க பொண்ணு படிப்பு நின்னுடுமே டென்வர்?" என்றார் ஹாப்சன்.

"நிக்கட்டும். மானம் நிக்குதில்ல?"

கூடமே தலையாட்டியது. ரோவீனா எழுந்தது அப்போதுதான்.

பள்ளி அலுவலகத்தில் ஃபாரங்களை வாங்கிச் சரிபார்ப்பது வெல்டா. அவளுக்கு வயிறு எரிந்தது. இல்லாதவன் வெட்கப்பட்டு ஒதுங்கி நிற்கிறான், இருக்கிறவள் தட்டை நீட்டுகிறாள். எரிகிற வீட்டில் பிடுங்கினது லாபமா?

"வரட்டும் அந்த ஃபாரம்," என்று சமையல்காரம்மாவிடம் பொருமினாள். "வருமானத்துக்குச் சான்று கேட்டு, நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி ஒரு கடுதாசி எழுதறேன் பாரு."

மறுநாள் காலையில் டென்வர் ஊன்றுகோலைத் தட்டிக்கொண்டு வந்தார். மடித்த ஃபாரத்தை மேஜையில் போட்டார்.

"இந்தாம்மா வெல்டா. அந்த மருந்துக்கடைக்காரியே வாங்கித் திங்கறப்போ எனக்கு என்ன கேடு? நான் நிலத்துக்கடியில கிடந்து வரி கட்டினவன். அவளுக்கு முன்னால எனக்குச் சேரணும்."

"நல்லாச் சொன்னீங்க. சரியான பேராசைக்காரி."

"அவ கடைப் பக்கமே இனி போக மாட்டேன். மாத்திரைக்கு அடுத்த ஊருக்குப் போய்க்கிறேன்."

அன்று மட்டுமல்ல, அந்த வாரம் முழுக்க இதே கதைதான். வந்தவர்கள் எல்லாரும் ரோவீனாவை வைதார்கள். வைதுகொண்டே ஃபாரத்தைக் கொடுத்தார்கள். கையேந்துகிறோம் என்ற கூச்சம் ஒருத்தர் முகத்திலும் இல்லை, நம் பங்கை விடக்கூடாது என்ற ஆத்திரம்தான் இருந்தது. வெல்டாவும் ஆளுக்குத் தகுந்தபடி ஒத்து ஊதினாள்.

கடைசி நாளன்று ஹாப்சன் கணக்குப் போட்டுப் பார்த்தார்.

"தப்பிச்சோம் வெல்டா. பெரிய தள்ளுபடியே கிடைச்சுடும். லைன் எங்கேயும் போகாது."

வெல்டாவுக்கும் சந்தோஷம்தான். ஆனால் அவள் காத்திருந்த அந்த ஒரு ஃபாரம் மட்டும் வரவில்லை. சான்று கேட்பார்கள் என்று பயந்துவிட்டாளா? விட மனசில்லை. வேலை முடிந்ததும் நேரே மருந்துக்கடைக்குப் போனாள்.

வழக்கமாக நிற்க இடமிருக்காத கடை. ரோவீனா தனியாக நின்று அலமாரி துடைத்துக்கொண்டிருந்தாள்.

"உங்க ஃபாரம் இன்னும் வரல," என்றாள் வெல்டா விறைப்பாக. "இன்னிக்குத்தான் கடைசி."

"வராது வெல்டா. எனக்கு எதுக்கு அது? என் பையன் சாப்பாட்டுக்குக் காசு கட்டிட்டுத்தானே இருக்கேன்."

"பின்ன, அத்தனை பேர் முன்னால எந்திரிச்சுச் சொன்னீங்க?"

ரோவீனா துடைப்பதை நிறுத்தவில்லை.

"ஹாப்சன் வருஷா வருஷம் கெஞ்சறாரு, யாராவது அசைஞ்சாங்களா? மாத்திரையைப் பாதியா உடைச்சு முழுங்கறவங்க யார் யாருன்னு இந்தக் கடையில நிக்கிற எனக்குத் தெரியும். ஆனா சொல்லக் கூடாது. நம்ம ஜனத்து மேல இரக்கப்பட்டா இறங்காது. ரோஷம் வந்தா இறங்கிடும்."

வெல்டாவுக்கு இந்த வாரமெல்லாம் என்னென்ன பேசினோம் என்று நினைக்கவே கூசியது.

"ஊரே உங்களைத் திருடிங்குது. வியாபாரம் படுத்துக் கிடக்கு. நான் போய் எல்லார்கிட்டயும் உண்மையைச் சொல்றேன்."

"சொன்னா, டென்வர் நாளைக்கே வந்து ஃபாரத்தைத் திருப்பிக் கேப்பார். கெய்லா நர்சிங் என்ன ஆகும்?"

வெல்டா வாசல் பக்கம் எடுத்து வைத்த காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

ரோவீனா துணியை உதறி மடித்து வைத்தாள். "எனக்கு ஒரே ஒரு உபகாரம் பண்ணு. இனிமே யாராவது என்னைத் திட்டினா, இத்தனை நாள் மாதிரியே நீயும் கூடச் சேர்ந்து திட்டிடு."