தறிக்கூடப் பேச்சு

"நீ இங்கயே உக்காரும்மா, நாங்க அருவியக் கிட்டப் போய்ப் பாத்துட்டு வர்றோம்" என்று என்னைப் பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு, மகன் அவன் அப்பாவைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனான்.

அருவி பார்க்கவா வந்திருக்கிறான்? நான் என்ன பச்சைப் பிள்ளையா?

என் வயிற்றை ஸ்கேன் எடுத்த ரிப்போர்ட் வந்துவிட்டது. டாக்டர் மகனை மட்டும் உள்ளே கூப்பிட்டுப் பேசினார். வெளியே வந்தவன், வெறும் புண்தான் என்று சிரித்தான். அந்தச் சிரிப்பைப் பார்த்ததுமே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. அன்றிலிருந்து மருமகள் என்னை ஒரு டம்ளரைக்கூடக் கழுவ விடுவதில்லை.

என் வயிற்றில் இருப்பது எனக்குத் தெரியக்கூடாதாம். என்ன நியாயம் இது?

பக்கத்தில் ஒரு பெண் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குப் பாறையைக் காட்டி விளக்கிக்கொண்டிருந்தாள். மேலே இருப்பது கெட்டிப் பாறையாம். தண்ணீர், அதற்கு அடியில் இருக்கும் இளகின பாறையைத்தான் அரிக்குமாம். மேலே பார்த்தால் ஒன்றும் தெரியாதாம். ஒருநாள் மொத்தமாகச் சரிந்து விழுமாம்.

நான் முந்தானையை வயிற்றின் மேல் இழுத்துவிட்டுக்கொண்டேன்.

இந்த அருவியில் எடுத்த கரண்டில்தான் எங்கள் மில் ஓடியது. இப்போது ஒரு சுவரும் புகைபோக்கியும்தான் மிச்சம். சுற்றிலும் பூச்செடி வைத்து, டிக்கெட் போட்டுக் காட்டுகிறார்கள். அந்தச் சுவருக்குள்தான் நானும் என் வீட்டுக்காரரும் எதிரெதிர்த் தறியில் நின்றோம்.

தறிச் சத்தத்தில் இடி விழுந்தாலும் கேட்காது. உதட்டை அசைத்தால் போதும், எதிரே நிற்பவருக்குப் புரிந்துவிடும். சாப்பிட்டாயா என்று விசாரிப்பதும், மேஸ்திரி திரும்பினால் 'பாக்கறான்' என்று உஷார்படுத்துவதும் உதட்டில்தான். என்னைக் கட்டிக்கிறியா என்று அவர் கேட்டதும் அப்படித்தான்.

மகன் தொட்டிலில் தூங்கும்போது அவனை எழுப்பாமல் பேசிக்கொள்ளவும் அதுதான் உதவியது. அவனுக்கு மட்டும் நாங்கள் சொல்லிக்கொடுக்கவில்லை. பிள்ளைக்குத் தெரியாமல் சண்டை போட ஒரு வழி வேண்டாமா?

கம்பித் தடுப்போரம் மகன் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான். கெட்டிக்காரன். அருவி இரைச்சலில் ஒரு வார்த்தையும் என் பக்கம் வராது.

அவர் மெல்ல நகர்ந்து, என்னைப் பார்த்தாற்போல் நின்றுகொண்டார். காதுக்குப் பின்னால் கையைக் குவித்தார்.

மகன் ஏதோ சொன்னான்.

'என்னது, கேன்சரா?' என்றது அவர் உதடு.

நான் பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன்.

மகன் குனிந்து அவர் காதருகே கத்தினான். அவர் ஒவ்வொன்றையும் திருப்பிக் கேட்டார். ஈரலுக்குப் போயிடுச்சா? ஆபரேஷன் பண்ண முடியாதா? டாக்டர் கைய விரிச்சுட்டாரா? கேட்கக் கேட்க அவர் முகம் சுருங்கிக்கொண்டே போனது. உதடு மட்டும் ஒரு எழுத்தையும் விழுங்கவில்லை.

கடைசியில், 'அவகிட்ட நான் வாயத் திறக்கக் கூடாதா?' என்றார். மகன் கையை நீட்டினான். அவர் அதில் அடித்துச் சத்தியம் செய்தார்.

எனக்குக் கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. அதற்குள் மகன் என் பக்கம் திரும்பிவிட்டான். அவன் தோளுக்குப் பின்னால் அவர் உதடு இன்னொரு தடவை அசைந்தது.

'அழாத. பாக்கறான்.'

மூக்கை உறிஞ்சிக்கொண்டு, அருவியைப் பார்த்துச் சிரித்து வைத்தேன்.

மகன் வந்து பெஞ்சில் தொப்பென்று உட்கார்ந்தான். அவனுக்குத் தொண்டை கட்டிப்போயிருந்தது. "அப்பாவுக்குக் காது சுத்தமாப் போச்சும்மா. எதையும் ரெண்டு தடவ கத்த வேண்டியிருக்கு."

"வயசாச்சுல்ல" என்றேன்.

அத்தனை வருடத் தறிச் சத்தத்துக்கும் மசியாத பாம்புக் காது அவருக்கு. அடுக்களையில் நான் அவரைத் திட்டி முணுமுணுத்தால், வாசலில் நின்றபடியே பதில் சொல்வார்.