இரண்டும் பத்தும்

முதலில் கிணிங் என்று ஒரு சத்தம் கேட்டது. அதற்குப் பிறகுதான் வெளிச்சம் வந்தது. கணினி விளையாட்டு ஒன்றில் கொற்றன் என்ற வீரனின் விரலில் கிடந்த மோதிரத்துக்கு அந்தச் சத்தம் கேட்டாலே வயிறு எரியும். கொற்றனின் கூட்டாளியான பூசாரி அவன் மேல் ஏவும், பலம் கூட்டும் மந்திரம் வந்துவிட்டது என்று அர்த்தம்.

மோதிரம் கொற்றனின் பலத்தில் எப்போதும் இரண்டைக் கூட்டும். மந்திரம் பத்தைக் கூட்டும். இரண்டும் சேராது, பெரியது மட்டுமே செல்லும் என்பது அந்த விளையாட்டின் விதி.

"வாடி மகாராணி! நீ வந்துட்டா நான் வெறும் தகரம்," என்றது மோதிரம்.

"எனக்கு அரை நிமிஷம்தான் அக்கா. நீ அவன் விரலோடயே தூங்கி எழுந்திருக்குற. எனக்கு அவன் முகம்கூடச் சரியாத் தெரியாது," என்றது மந்திரம்.

"சீக்கிரம் தொலைஞ்சு போ."

எதிரே பூதம் தள்ளாடிக்கொண்டிருந்தது. இன்னும் ஒரே வெட்டு போதும். கொற்றன் வாளை ஓங்கினான். அது இறங்குவதற்குள் அரை நிமிஷம் முடிந்து வெளிச்சம் அணைந்துபோனது. மோதிரத்தின் இரண்டு மட்டுமே கூடிய அந்த வெட்டு பட்டும் பூதம் விழவில்லை, உலக்கையைத் தூக்கியது. இன்னொரு மந்திரத்துக்குப் பூசாரியிடம் சக்தி இல்லை.

"அடியே, எங்கடி போன?" என்றது மோதிரம்.

கொற்றன் மறுபடியும் வாளை ஓங்கினான். மோதிரம் எப்போதும்போல் இரண்டைக் கூட்டியது.