குடித்தவர் மட்டும்

“பாட்டிலை எங்கே ஒளிச்சு வைப்பீங்க?”

கேட்டவர் டிரைவர். எதிரே நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தவனின் சட்டைக் காலர் வியர்வையில் நனைந்திருந்தது. கதவை வெளிப்பக்கம் தாழிட்டிருந்தார்கள்.

“வாஷிங் மெஷினுக்குப் பின்னாடி.”

“அட, அது கத்துக்குட்டிங்க வைக்கிற இடமாச்சே!” என்று சிரித்தார் எலக்ட்ரீஷியன். “நான் ஸ்விட்ச் போர்டுக்குள்ளயே வச்சிருந்தேன். ஷாக் அடிக்கும்னு என் பொண்டாட்டி கிட்டயே வர மாட்டா.”

அவன் சிகிச்சைக்கு வந்தவன் அல்ல, ஆலோசகர் வேலைக்கு வந்தவன். கேள்வி கேட்கிற இரண்டு பேரும்தான் சிகிச்சையில் இருப்பவர்கள். அந்த மறுவாழ்வு இல்லத்தில் ஆலோசகரைத் தேர்ந்தெடுப்பது அவர்கள் பொறுப்பு. வருகிறவர் குடித்து, விட்டு, மீண்டவராக இருக்க வேண்டும். அது ஒன்றுதான் நிபந்தனை. அவர்கள் உள்ளேயிருந்து தட்டினால்தான் காவலாளி கதவைத் திறப்பார்.

இந்த வேலையும் கைநழுவினால் மச்சானின் பெயின்ட் கடையில் நாள் முழுக்க அவர் வாயைப் பார்த்துக்கொண்டு கிடக்க வேண்டும். மச்சான் அதற்காக ஒரு ஸ்டூலே வாங்கிப் போட்டுவிட்டார்.

“முதல் மடக்கு உள்ளே போறப்போ எப்படி இருக்கும்?” என்றார் டிரைவர்.

“நெஞ்செல்லாம் எரியும்.”

“இதையேதான் போன வாரம் வந்த டாக்டரும் சொன்னாரு” என்றார் எலக்ட்ரீஷியன். “புத்தகத்துல படிச்சிட்டு வந்திருந்தாரு, பாவம். வந்த வழியே அனுப்பிட்டோம்.”

அவன் கதவைப் பார்த்தான். தண்ணீர் கேட்கக்கூடப் பயமாக இருந்தது.

“சரி, இதான் கடைசி” என்றார் டிரைவர். “குடிச்சிட்டு வீட்டுக்குப் போனா எப்படி இருக்கும்?”

இந்த முறை அவன் யோசிக்கவே இல்லை.

“சாவி பூட்டுல நேரா நுழையாது, உரசும். அந்தச் சத்தம் கேட்டதுமே டிவியை அணைச்சிடுவாங்க. போர்வைக்குள்ள மூச்சை அடக்கிக்கிட்டு, தூங்குற மாதிரி படுத்துக்குவாங்க. செருப்பைக் கழட்டுற விதத்துலயே அன்னைக்கு அடி உண்டா இல்லையான்னு தெரிஞ்சிடும்.”

எலக்ட்ரீஷியன் சிரிக்கவில்லை. டிரைவர் சற்று நேரம் தன் உள்ளங்கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்துபோய்க் கதவைத் தட்டினார்.

“திறங்கப்பா. நம்ம ஆளு கிடைச்சிட்டாரு.”

அவனுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. நன்றி சொல்ல எழுந்தவனின் தோளில் கைபோட்டு, எலக்ட்ரீஷியனுக்குக் கேட்காத குரலில் டிரைவர் சொன்னார்:

“என் பொண்ணு எங்கிட்ட ஒருநாளும் சொல்லாததை நீங்க சொல்லிட்டீங்க.”

அவன் விழித்தான்.

“குடிச்சது உங்கப்பாதானே, தம்பி?”