தேனீக்குப் பயந்தவன்

"பாதிப் பாறை ஏறிட்டு, மேல தேனீ இருக்குன்னு இறங்கி ஓடி வந்தவன் ராஜபாளையத்துலயே நீ ஒருத்தன்தாம்லே!" என்றான் ஸ்ரீவத்ஸ்.

"அண்ணே, அது தேனீதானா? கொசுவா இருக்கப் போகுது" என்று அவன் தங்கை கோதாவும் சேர்ந்துகொண்டாள்.

பெனின் கயிற்றின் சிக்கைப் பிரித்துக்கொண்டிருந்தான். போன வாரம் இறங்கி வந்ததிலிருந்து நண்பனுக்கும் அவன் தங்கைக்கும் இதே பாட்டுத்தான்.

சோழபுரத்தை அடுத்த அந்தப் பாறையின் மேற்கு முகத்தில் இதுவரை யாரும் உச்சியைத் தொட்டதில்லை. பாறை ஏறுகிறவர்களிடம் ஒரு சம்பிரதாயம் உண்டு: ஒரு வழியில் முதன்முதலாக ஏறி முடிப்பவரே அதற்குப் பெயர் வைக்கலாம். பிள்ளை பெற்றவர்களுக்கே கிடைக்காத உரிமை இது. அங்கே தாத்தா பெயர் முன்கூட்டியே வந்து உட்கார்ந்திருக்கும்.

அப்பேர்ப்பட்ட உரிமையைத் தேனீக்காக விட்டுவிட்டு வந்தவனை ஸ்ரீவத்ஸால் மன்னிக்க முடியவில்லை. அதிலும், ஸ்ரீவத்ஸின் ரீல்களைப் பார்த்துவிட்டு, வருகிற ஞாயிற்றுக்கிழமை மதுரையிலிருந்து ஒரு வேன் நிறைய ஆட்கள் ஏற வருகிறார்கள்.

"தேனெடுக்கிற பால்ச்சாமி அண்ணன்ட்ட பேசப் போறேன். சனிக்கிழமையே மேல போயி புகை போட்டு விரட்டிருவாரு."

பெனினின் கை நின்றது. "புகையா? வேண்டாம்லே. ரெண்டு மாசம் பொறுத்தா அதுகளே போயிரும்."

"வாரவங்களுக்கு என்ன பதில் சொல்ல? பால்கோவா வாங்கிக் குடுத்து திரும்ப வேன் ஏத்தி விடவா? என் ரீலோட மதிப்பு உனக்குத் தெரியலலே. அய்யனார் கோவில் பாதையில மீன்கொத்திக் கூட்டைப் போட்டப்போ ரெண்டு லட்சம் பேர் பார்த்தாங்க!"

"அதுல பாதி ஊர் நேர்லயும் வந்து எட்டிப் பார்த்துச்சு. மீன்கொத்திதான் பொறவு வரல" என்றபடி கோதா இடுப்பு வாரை இறுக்கினாள். "பெனின் அண்ணே, கயிறைப் பிடிங்க. உங்க தேனீ எம்புட்டுப் பெருசுன்னு நானே பார்த்துட்டு வாரேன். வைக்கப் போற பேரு ஆறு மாசமா ரெடி."

"வேண்டாம் கோதா."

"கொட்டுனா கட்டுப் போட்டுக்கிடலாம். பேண்டேஜ் துணி நெய்யுற நம்ம ஊர்லயா அதுக்குப் பஞ்சம்?"

மளமளவென்று ஏறினாள். ஸ்ரீவத்ஸ் கீழிருந்து படம் பிடித்தான். உச்சிக்கு இன்னும் ஓர் ஆள் உயரம்தான். அங்கிருந்த பிளவுக்குள் எட்டிப் பார்த்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"ஒரு தேனீகூடப் பறக்கக் காணோமேலே?" என்றான் ஸ்ரீவத்ஸ்.

"தூங்குதோ என்னமோ" என்றான் பெனின், அண்ணாந்தபடி.

"பட்டப்பகல்லயா?"

இறக்கச் சொல்லிச் சத்தம் போட வேண்டியவள் கையால் ஜாடை காட்டினாள். பெனின் பூப்போல இறக்கினான்.

"மலைத்தேனீதான்" என்றாள் கோதா, அண்ணன் முகத்தைப் பார்க்காமல். "பெரிய கூடு. புகை போட்டா பால்ச்சாமி அண்ணனுக்குக் காரியம் பண்ண வேண்டியதுதான். ஞாயித்துக்கிழமைய ரத்து பண்ணு."

"நீயுமா? அந்தப் பேரு என்னாச்சு?"

"இருக்கட்டும். கெட்டா போயிரும்?"

ஒரு பயந்தாங்கொள்ளிக்கு இரண்டு! எரிச்சலோடு பாறைக்கு மறுபுறம் பைக் நின்ற இடத்துக்குப் போய், பால்ச்சாமியை அழைக்கப் போனை எடுத்தான் ஸ்ரீவத்ஸ். அந்தப் பக்கம் தங்கையின் குரல் தாழ்வாகக் கேட்டது.

"மன்னிச்சிருங்கண்ணே. ஒரு வாரமா உங்களை என்னவெல்லாம் பேசிட்டேன்."

"அத விடு. எத்தனை?"

"ரெண்டு குஞ்சு. மூணாவது இன்னும் முட்டைக்குள்ள. தாய் ஆந்தை ஒரு முழி முழிச்சுது பாருங்க, கூட்டை விட்டு நகரவே இல்ல."

"மெல்லப் பேசு. ஸ்ரீக்குத் தெரிஞ்சா அடுத்த ரீல் அதுதான்."

"எங்க அண்ணன்தானே, எனக்குத் தெரியாதா?"

ஆந்தையா! அஞ்சு லட்சம் தாண்டுமே என்றது ஸ்ரீவத்ஸின் மனம், பழக்கதோஷம். அடுத்த நொடியே, திரும்பி வராத அந்த மீன்கொத்தி குறுக்கே பறந்தது. தங்கையின் கடைசி வார்த்தை அதைவிட ஆழமாகக் கொத்தியது.

பால்ச்சாமியை அவன் அழைக்கவில்லை.

சற்று நேரத்தில் பெனின் போனும் கோதா போனும் ஒன்றாகச் சிணுங்கின. பாறை ஏறுகிறவர்களின் வாட்ஸ்அப் குழுவில் ஸ்ரீவத்ஸ் எழுதியிருந்தான்: "ஞாயிறு ஏற்றம் ரத்து. மேற்கு முகத்தில் மலைத்தேனீ. என் கண்ணாலேயே பார்த்தேன். சித்திரை முடியும்வரை யாரும் அந்தப் பக்கம் போக வேண்டாம்."

பெனின் பாறையைச் சுற்றிக்கொண்டு ஓடி வந்தான். "ஏலே, நீ எப்பலே மேல ஏறிப் பார்த்த?"

"எதுக்கு ஏறணும்?" ஸ்ரீவத்ஸ் பைக்கைக் கிளப்பினான். "தேனீச் சத்தம்தான் இங்க வரைக்கும் நல்லாக் கேட்டுச்சே!"