சன்னலுக்கு வெளியே ஒரு ரிசல்ட்

மதுராந்தகத்துக்குப் பக்கத்து ஊரில், பஞ்சாயத்துத் தலைவர் வீட்டுக் கூடத்தில், மாலை போட்ட மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருக்கிறது ஊருக்கென்று வந்த கம்ப்யூட்டர். முன்னால் தலைவரின் தம்பி. பக்கத்தில் சுஷ்மிதா, கம்ப்யூட்டர் எல்லோருக்கும் பயன்படுகிறதா என்று அறிக்கை எழுதச் சென்னையிலிருந்து வந்தவள், வேலைக்குச் சேர்ந்து மூன்றே மாதம். சன்னலுக்கு வெளியே, பாறையும் உருகும் வெயிலில், காலனியிலிருந்து வந்த செங்கம்மாளும் மகள் ரூத்தும். அவர்கள் வாசற்படி ஏறக்கூடாதாம். இன்று பிளஸ் டூ ரிசல்ட். ரூத் தன் நம்பரைச் சொல்லி வாய் மூடவில்லை, "பெயிலு, போ" என்கிறான் தம்பி. ரூத் சன்னல் கம்பியைப் பிடித்து எட்டிப் பார்க்கிறாள். "பொட்டிய இப்டி திருப்பு நைனா, நாங்களும் பாக்குறோம்" என்கிறாள் செங்கம்மாள். "பாத்தா இன்னா புரியும் உனுக்கு?" என்கிறான் தம்பி. சுஷ்மிதா பேனாவை மூடிவைத்து எழுகிறாள். யானைக்குட்டி கனமுள்ள அந்தத் திரையை இரு கையாலும் சன்னல் பக்கம் திருப்புகிறாள். பச்சைத் திரையில் பாதி ஆடிய சீட்டாட்டம். செங்கம்மாள் போடும் சத்தத்தில் மதுராந்தகம் ஏரிக் கொக்கு அத்தனையும் எழும்பிப் பறக்கிறது. "எம்பொண்ணு பெயிலுன்னு எவன்டா சொன்னான் உனுக்கு? அந்த ராஜாவா, ராணியா?" சுஷ்மிதா ரிசல்ட் பக்கத்தைத் திறந்து, கீபோர்டைக் கம்பிக்கிடையே வெளியே நீட்டுகிறாள். ரூத் தன் நம்பரைத் தானே அழுத்துகிறாள்.